உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு இல்லை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் இயற்பியல் துறையின் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணாச்சி போன வாரம் போன் பண்ணி, "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்லயே வச்சுப் படிக்க வைக்கீங்களாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பாளையங்கோட்டையில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு ஆசிரியர் தலையில்தான் விழும் என்று நாமே வேடிக்கையாகச் சொல்லுவோம். இந்த அரங்கத்திலும் பாதிப் பேர் ஆசிரியர்கள். அவர்கள் முன்னால் நின்று பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பேசினால் எனக்குப் பந்தியில் இடம் கிடைக்காது. பயப்படாதீர்கள், அப்படிப் பேச நான் வரவில்லை. எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, எது நடக்கவில்லை, இந்த வருஷம் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுகிறேன். கடைசியில் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெயர் மலரில் வரக்கூடாது என்று இரண்டு பேரும் கண்டிப்பாகச் சொல்லி விட்டதால் மூத்தவள், சின்னவன் என்றே சொல்லுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூத்தவளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. சின்னவன் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. இடையில் பத்தொன்பது மாதம். கைபேசிப் பாடம் எப்படி இருந்தது என்பது உங்கள் எல்லோர் வீட்டுக்கும் தெரியும். அந்த ஆசிரியைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது முகங்களைச் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் பார்த்துக்கொண்டு யாராலும் பாடம் நடத்த முடியாது. அந்த மாதங்களில் நானும் என் வீட்டுக்காரரும் அவரவர் வேலை போக மீதி நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். திறந்தபோது, இப்படியே இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே என்று தோன்றியது. ஒரு வருஷம், இன்னொரு வருஷம் என்று இப்போது இத்தனை வருஷம் ஓடிவிட்டது. நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டேன். மாதம் 14,000 ரூபாய். இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கால அட்டவணை உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். உண்டு, ஆனால் சுவரில் இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை புத்தகம். அரசுப் பாடநூல்கள்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. மத்தியானம் கை வேலை, தோட்டம், நூலகம், ஊர் சுற்றல். பள்ளிக்கூடம் ஆறு மணி நேரத்தில் செய்வதை இரண்டரை மணியில் முடிக்க முடிவதற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை. இரண்டு பிள்ளைக்கு ஒரு வாத்தியார், அவ்வளவுதான்.

முதலில் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியாரைத்தான் பிள்ளைகள் ஆச்சி என்கிறார்கள். ஆரம்பத்தில் இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் முதல் எதிர்ப்பு அத்தையிடமிருந்துதான் வந்தது. "பிள்ளைகள வீட்ல வச்சிருந்தா ஊர்ல என்ன சொல்லுவாக?" என்று ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் சின்னவனுக்குப் பின்னம் நடத்த வேண்டிய நாள் வந்தது. அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று. பெருக்கினால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும் என்று அவன் நிற்கிறான். நானும் படம் போட்டேன், காகிதத்தை மடித்துக் காட்டினேன். அவனுக்கு ஏறவில்லை.

அடுப்படியிலிருந்து அத்தை சத்தம் கொடுத்தார்கள். "அரைக்காலுன்னு பேர்லயே இருக்கேல. காலுல அரை, அரைக்கால். இதுக்கு எதுக்குக் கெடந்து முழிக்கே?" நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மைதானே, தமிழில் எட்டில் ஒன்றுக்குப் பெயரே ஒரு பெருக்கல் கணக்கு! அத்தை அதோடு விடவில்லை. பரணில் கிடந்த பழைய அளவைகளை இறக்கினார்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டு படி ஒரு மரக்கால். ஆக, ஆழாக்கு என்பது அரைக்கால் படி. பையன் ஒரு சாக்கு அரிசியையும் திண்ணையில் கொட்டி அளந்து தீர்த்தான். அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று என்பது வரைக்கும் போய், "முக்காலே அரைக்கால்னா எம்புட்டு ஆச்சி?" என்று அவனே கேட்டு, எட்டில் ஏழு என்று அவனே கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அத்தை எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார். சம்பளம் வெற்றிலை பாக்கு.

அடுத்து நம் துறை சமாச்சாரம். ஊசல் குண்டு. நம் கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு முதல் பரிசோதனை அதுதான். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு, அட்டவணை போட்டு, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று எழுதிக் கையெழுத்து வாங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போன ஆடி மாதம் வீட்டில் அதைச் செய்தோம். நம்ம ஊர் ஆடிக் காற்றில் முற்றத்தில் ஊசல் கட்டினால் அது ஊசலாடாது, பேயாடும். ஆகையால் உள்ளே, ஊஞ்சல் கொக்கியில் நூலைக் கட்டி, ஆற்றிலிருந்து எடுத்து வந்த ஒரு உருண்டைக் கல்லைத் தொங்கவிட்டோம்.

சின்னவனுக்கு நான் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. பெரிய கல் கட்டினால் மெதுவாக ஆடும் என்று அவன் பந்தயம் கட்டி, தோற்றான். நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகும் என்று அடுத்த பந்தயம். ஒரு மீட்டருக்கு 20 ஆட்டம் 40 வினாடி. அரை மீட்டருக்கு 20 வர வேண்டும் என்று எதிர்பார்த்தான், 28 வந்தது. மறுபடி எண்ணினான், மறுபடி 28. கோபத்தில் நூலைக் கால் மீட்டராக்கினான். சரியாக 20 வினாடி. "எம்மா, நேரம் பாதியாகணும்னா நூல் காலாகணும்!" என்று கத்தினான். வர்க்கமூலம் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. ஆனால் பொருள் தெரிந்துவிட்டது.

மூத்தவள் கணக்குப் போட்டாள். நூலின் நீளம் 98 செ.மீ., 20 ஆட்டத்துக்கு 40.3 வினாடி. விடை 9.53 என்று வந்தது. "புத்தகத்துல 9.8னு போட்டிருக்கே" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி முழுவதும் அந்தக் கல் தொங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அவளே வந்து, "நூலு கல்லுல முடியுது, ஆனா ஆடுறது கல்லுல்லா? கல்லோட நடு வரைக்கும் அளக்கணும்" என்றாள். அளந்தால் 3 செ.மீ. கூடுதல், 101. கணக்குப் போட்டால் 9.82. அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் என் வகுப்பறைகளில் அதிகம் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இருந்ததில்லை, முக்கால் மணியில் மணி அடித்துவிடும். ஒரு கல்லை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுக் காத்திருக்க எந்தப் பள்ளியால் முடியும்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு இருக்கிற ஒரே சொத்து இந்த நேரம்தான் என்று சொல்லுகிறேன்.

இனி நிழல் விஷயம். எங்கள் வீட்டில் ஒரு வருஷம், 2024 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் வரை, நடந்த பாடம் இது. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டோம். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தையும் சாயங்காலம் தொடுகிற இடத்தையும் குறித்து, நடுவில் வெட்டினால் வடக்கு தெற்குக் கோடு வந்துவிடும். கோயில் கட்டுகிற ஸ்தபதிகள் சங்கு நட்டுத் திசை பார்க்கிற முறை இதுதான். திசைகாட்டியும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். நிழல் அந்தக் கோட்டின் மேல் விழுகிற நேரம்தான் நம் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது.

முதல் நாளே சின்னவன் கேட்டான், "பன்னெண்டு மணி ஆச்சே, நிழல் ஏன் இன்னும் கோட்டுக்கு வரல?" வந்தபோது மணி 12:20. காரணம் இதுதான். நம் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அது வடக்கே மிர்சாப்பூர்ப் பக்கமாகப் போகிறது. நாம் இருப்பதோ ஏறக்குறைய 77.7 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். கிட்டத்தட்ட 5 பாகை வித்தியாசத்துக்கு 19, 20 நிமிடம். சரி, பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பிள்ளைகள் விடாமல் குறித்துக்கொண்டே வந்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில், மழை மேகம் வழிவிட்ட ஒரு நாளில், உச்சி 12:03-க்கே வந்துவிட்டது. கடிகாரத்தில் பேட்டரி போய்விட்டது என்று சண்டை. வேறு கடிகாரம், கைபேசி, வானொலி எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, 12:03-தான். அப்புறம் அது பின்னால் நகர ஆரம்பித்து, பிப்ரவரி நடுவில் 12:33 வரை போனது. அரை மணி நேர வித்தியாசம்! சூரியனுக்கே நேரந்தவறாமை கிடையாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றவில்லை, நீள்வட்டத்தில் சில மாதம் வேகமாகவும் சில மாதம் மெதுவாகவும் போகிறது. அச்சும் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. நம் கடிகாரம் காட்டுவது வருஷம் முழுமைக்குமான சராசரி. இயற்பியலில் பட்டம் வாங்கியவள் நான். இதை வார்த்தையாகப் படித்திருக்கிறேன். என் மாடியில், என் பிள்ளைகள் சாக்பீஸால் குறித்த புள்ளிகளில் பார்த்தது அப்போதுதான்.

இன்னொன்று. டிசம்பர் 21-ஐ ஒட்டி அந்தக் கம்பியின் உச்சி நிழல் வடக்கே 63 செ.மீ. நீளம். ஜூன் 21-ஐ ஒட்டி 26 செ.மீ., ஆனால் தெற்கே! நம் ஊரில் வருஷத்தில் சில மாதம் நிழல் தெற்கே விழும் என்பதை இங்கே எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? வடக்கிலிருந்து தெற்குக்கு அது கடக்கிற நாள் ஒன்று இருக்க வேண்டுமல்லவா, அன்று உச்சியில் நிழலே இருக்காது. நமக்கு அது ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒரு முறை, திரும்பி வருகையில் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டி ஒரு முறை. தில்லிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியமே கிடையாது, அவர்கள் கடகரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள்.

மழை அளந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கம் நேராக இருக்கிற ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டி, கவிழ்த்துச் செருகி, அளவுகோல் ஒட்டினால் மழைமானி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அரங்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் பாட்டில் 20 செ.மீ. வரைதான், நிரம்பி வழிந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. என்று செய்தியில் சொன்னார்கள். மூத்தவள் அதை வைத்து ஒரு சென்ட் நிலத்துக்குக் கணக்குப் போட்டாள். 38,000 லிட்டருக்கு மேல். பெரிய தண்ணீர் லாரி மூன்றை ஒரு சென்டில் கவிழ்த்த மாதிரி. ஒரு ஏக்கருக்கு 38 லட்சம். அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டுக் கிளம்பியதுதான் எங்கள் ஆற்றுப் பயணம். பஸ்ஸிலேயே மருதூர் அணைக்கட்டு, அப்புறம் கடைசியாக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. குளம், மடை, மறுகால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். உடைந்த குளக்கரையில் நின்ற ஒரு பெரியவர் சொன்னதை மூத்தவள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். என்னைக் கேட்டால் அவள் எழுதியதிலேயே நல்ல தமிழ் அதுதான். கட்டுரைத் தலைப்பு கொடுத்து எழுதச் சொன்னபோது அந்தத் தமிழ் வந்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுவோம். 2015 முதல் தமிழ்நாட்டில் பலர் சேர்ந்து செய்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று, கண்டதையெல்லாம் எண்ணி எழுத வேண்டும். கூந்தன்குளத்துக்குப் போனோம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டு மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அங்கே வருகிற பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்று சொன்னதும் சின்னவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான், "ஒனக்கு எப்படித் தெரியும்?" எங்கள் வீட்டில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். எனக்கு ஆத்திரம் வருகிற கேள்வியும் இதுதான். கழுத்தில் சின்னக் கருவி மாட்டிவிட்டுப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதைத் தேடிப் படித்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுவிட்டு ஆசைப்பட்டு நாளைக்கே பிள்ளைக்கு டி.சி. வாங்குகிறவர்கள் உண்டு.

முதலில் அந்த 14,000 ரூபாய். வருஷத்துக்கு 1,68,000. வீட்டுக் கல்வி செலவில்லாதது என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் யாருடைய சம்பளம் நின்றது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து ஆங்கிலமும் வரலாறும் எடுக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க என்னுடையது. காலையில் கூலி வேலைக்குப் போகிற ஒரு தாயிடம் போய் நான் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவளுக்குப் பள்ளிக்கூடம் பாடம் மட்டுமா தருகிறது? சோறு, பாதுகாப்பு, பிள்ளை எங்கே இருக்கிறான் என்கிற நிம்மதி எல்லாம் தருகிறது. அரசுப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி 2022-இல் வந்ததிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் தினமும் வந்து என்ன சாப்பிட்டேன் என்று சொல்லுவான். எங்கள் சின்னவன், "எம்மா, நான் காலையில மட்டும் போய்ச் சாப்ட்டுட்டு வந்துரட்டா?" என்று கேட்டான்.

வேதியியல் எங்கள் வீட்டில் எலுமிச்சை, மஞ்சள், சமையல் சோடாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வீட்டில் செய்யவும் கூடாது. குழு விளையாட்டு கிடையாது. தெருப் பிள்ளைகள் சாயங்காலம் டியூஷன் போய்விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று வழக்கறிஞர் நண்பர்கள் கேட்பீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அது சொல்லுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது குறிப்பிடவில்லை. வீட்டுக் கல்விக்கு அனுமதி என்றும் அதில் இல்லை. இந்த இடுக்கில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வட்டார வள மையத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு சார் வருவார். முதல் தடவை கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினார். அவர் கடமை அது, பேசத்தான் வேண்டும். பையனை வாசிக்கச் சொன்னார், வாசித்தான். கணக்குக் கேட்டார், சொன்னான். பிறகு அவன் அவரை மாடிக்குக் கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினான். கீழே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டுதான் போனார். அடுத்த வருஷம் வரும்போது மழைமானி எப்படிச் செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று 1989-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 14 வயது முடிந்தால் ஐந்து பாடம் எடுத்துப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதலாம். 2018-இல் திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுதக்கூடாது என்று வைத்த விதியை அந்த ஆண்டே தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நம் மாநிலத்திலும் பன்னிரண்டரை வயது நிரம்பினால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். மூத்தவள் அதைத்தான் எழுதினாள், தேறினாள். அடுத்தது திறந்தநிலைப் பள்ளி என்று நானும் வீட்டுக்காரரும் விண்ணப்பம் வரைக்கும் பார்த்து வைத்திருந்தோம்.

அப்போதுதான் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது மூத்தவள் சொன்னாள், "நான் ஒம்பதாங் கிளாஸ் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்." ஏன் என்று கேட்டேன். "ஒரு கேள்விக்கு மூணு பேர் மூணு பதில் சொல்லணும்மா. இங்க நீ ஒருத்திதான சொல்லுதே. தம்பி நான் சொல்லுததயே சொல்லுதான். எனக்குச் சண்ட போட ஆளு வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமான லேபும் வேணும்" என்றாள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. வேலையை விட்டது, அத்தையின் கோபம், கணக்கெடுப்பு சார், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் போனால், பார்த்தீர்களா, கடைசியில் பள்ளிக்கூடத்துக்குத்தானே வந்தார்கள் என்று சொல்ல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். வீட்டுக்காரர் மட்டும், "கேள்வி கேக்கச் சொல்லிக் கொடுத்தது நீதான, இப்ப எதுக்குப் பொருமுதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்து நானே அவளைக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அவளிடம் அரை மணி நேரம் பேசினார்கள். வயதுக்கு ஒரு வகுப்பு பிந்தியிருப்பாள், பரவாயில்லையா என்று அவளிடமே கேட்டார்கள். பரவாயில்லை என்றாள். வருகிற ஜூனில் சேருகிறாள். சின்னவனைக் கேட்டோம். "நான் வரல, எனக்கு நெறைய சோலி கெடக்கு" என்றான். ஆகவே வீட்டுப் பள்ளி பாதி பலத்தோடு தொடர்ந்து நடக்கும்.

இப்போது கல்லூரிக்கு என் வேண்டுகோள். மூத்தவள் கேட்ட நிஜமான லேப் இதோ இந்தக் கட்டடத்தில், மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் பூட்டிக் கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் ஆய்வகங்களை இந்த வட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா? வீட்டில் படிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளுக்காக மட்டும் கேட்கவில்லை. ஆய்வகம் இருந்தும் நேரம் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊசல் குண்டுக்கு ஒரு கல் போதும், செய்துவிட்டோம். ஆனால் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரு கோடு இல்லை, ஒட்டி நிற்கிற இரண்டு கோடு என்பதை ஸ்பெக்ட்ராமீட்டரில் கண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். எனக்கு இந்தக் கல்லூரி காட்டியது. என் பிள்ளைக்கு நான் வாயால்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆள் யார் என்று முதல்வர் அவர்கள் கேட்கலாம். முன்வரிசையைப் பாருங்கள், ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியமாகத்தான் தெரிகிறார்கள். கடைசி வரிசையில் இளநிலை மாணவர்கள் இருக்கிறார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று, "ஒங்களுக்கு எப்படித் தெரியும்ணே?" என்று கேட்டால் உங்கள் வைவா பயம் எல்லாம் பறந்துவிடும். உடைகிற கண்ணாடிச் சாமானுக்கு எங்கள் 2001 செட் பொறுப்பு. இதை அவர்களிடம் கேட்காமலே சொல்லுகிறேன். மூன்றாவது வரிசையில் தலையைச் சொறிகிறார்கள், பரவாயில்லை.

முதல் கூட்டத்துக்கு ஆய்வகச் சாவிகூட வேண்டாம். வருகிற ஏப்ரல் 12-ஆம் தேதி, நம் கல்லூரி மைதானத்தில் கொடிக்கம்பத்துப் பக்கம், பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஆளுக்கு ஒரு கம்பும் ஒரு தூக்குக்குண்டும் போதும். 12:20-க்கு நிழல் மறையும். மேகம் மறைத்துவிட்டால் மறுநாள் பார்ப்போம், ஒரு மீட்டர் கம்புக்கு அரை செ.மீ. நிழல் இருக்கும், அவ்வளவுதான். மோருக்குச் செயலாளர் அண்ணாச்சி பொறுப்பு.